கனடாவின் பருவகாலப் பண்ணைத் தொழிலாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டு நெடுஞ்சாலை 400இல் வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் ஹாலண்ட் மார்ஷ் வந்துவிடும். சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கிய கரிய மண். கரட்டும் வெங்காயமும் வரிசை வரிசையாக நிற்கும். காரில் கடந்து போகும்போது வயலில் குனிந்து நிற்கிற மனிதர்களை ஒரு கணம் பார்க்கிறோம், வீட்டுக்கு வந்து அந்த வெங்காயத்தையே உரிக்கிறோம். அவர்கள் யார், எப்படி வருகிறார்கள், பனி விழத் தொடங்கியதும் எங்கே போகிறார்கள் என்று இங்குள்ள எங்களுடைய தமிழ் ஆட்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

இந்தத் தொழிலாளர் யார்? எந்த நாட்டவர்?

பெரும்பாலும் மெக்சிக்கோ, ஜமெய்க்கா நாட்டவர். ட்ரினிடாட், பார்படோஸ், செயின்ட் லூசியா, கிரனடா போன்ற கரிபியன் தீவுகளிலிருந்தும் வருகிறார்கள். இவர்கள் வருவது ‘பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம்’ என்ற அரசுகளுக்கிடையிலான ஏற்பாட்டின் கீழ். இதற்கு வெளியே குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து ‘விவசாயப் பிரிவு’ என்ற வேறு வழியாக வருபவர்களும் உண்டு. எல்லா வழிகளையும் சேர்த்தால் அண்மைய ஆண்டுகளில் கனடாவின் பண்ணைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பருவகாலத் திட்டத்தில் வந்தவர்கள். அதிகமானோர் ஒன்ராறியோ மாகாணத்தில்தான் இருக்கிறார்கள்: லெமிங்டனின் கிறீன்ஹவுஸ்களில் தக்காளி, வெள்ளரி, கறிமிளகாய், நயாகராவில் பீச், திராட்சை, நோர்ஃபோக் பக்கம் புகையிலை, அஸ்பரகஸ், ஜின்செங்.

வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். மெக்சிக்கோவில் ஆள் எடுக்கும்போது மனைவி பிள்ளைகள் உள்ளவர்களுக்கே முன்னுரிமை. குடும்பம் அங்கே இருந்தால் ஆள் திரும்பி வந்துவிடுவார் என்பது கணக்கு. இதை நான் அறிந்த நாளிலிருந்து அந்தத் திட்டத்தை வேறு கண்ணால்தான் பார்க்கிறேன்.

எப்போது தொடங்கியது?

1966இல். அந்த ஆண்டு ஜமெய்க்காவிலிருந்து 264 பேர் ஒன்ராறியோவுக்கு வந்தார்கள். 1967இல் ட்ரினிடாட்டும் பார்படோஸும், 1974இல் மெக்சிக்கோவும், 1976இல் கிழக்குக் கரிபியன் தீவுகளும் சேர்ந்தன.

அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போலந்துப் படைவீரர் ஏறத்தாழ 4,500 பேரைக் கனடா பண்ணை வேலைக்கு எடுத்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ஒப்பந்தத்தை முடித்தவர்கள் இங்கேயே குடியேறலாம், பின்னர் குடியுரிமையும் பெறலாம். இருபது ஆண்டு கழித்துக் கரிபியன் மக்கள் அதே வயலுக்கு வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்தது. கறுப்பின மக்கள் நிலையாகக் குடியேறுவதை விரும்பாத மனநிலை அக்கால அரசு அதிகாரிகளின் குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது. வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் ஆள் தங்கக்கூடாது என்ற யோசனையில் வரைந்த திட்டம் அது. அறுபது ஆண்டு ஆகப் போகிறது, அந்த அடிப்படை மாறவில்லை.

ஒரு பருவம் எப்படி நடக்கும்?

தோட்டக்காரர் முதலில் உள்ளூரில் விளம்பரம் செய்து, ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, ‘எல்எம்ஐஏ’ என்கிற தொழிற்சந்தை மதிப்பீட்டுக் கடிதத்தை மத்திய அரசிடம் பெற வேண்டும். ஆட்களைத் தெரிவு செய்வது அனுப்பும் நாட்டின் அரசு. ஆறு கிழமைக்குள் குறைந்தது 240 மணித்தியால வேலை இருக்க வேண்டும். அதிகபட்சம் எட்டு மாதம் நிற்கலாம். டிசம்பர் 15க்குள் நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும். சனவரியில் திரும்பவும் முதலிலிருந்து.

அடுத்த ஆண்டும் வருவாரா என்பதுதான் முழு விடயமும். தோட்டக்காரர் ‘இன்னாரை அனுப்புங்கள்’ என்று பெயர் குறித்துக் கேட்கலாம். பெயர் வந்தால் வேலை உறுதி. மெக்சிக்கோத் தொழிலாளர் பருவம் முடிந்து ஊருக்குப் போகும்போது முதலாளி எழுதிய மதிப்பீட்டுக் கடிதத்தை முத்திரையிட்ட உறையில் கொண்டுபோய்த் தங்கள் அரசிடம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சுமப்பவருக்குத் தெரியாது.

கனடாவில் இருக்கிறவர்கள் ஏன் இந்த வேலைக்குப் போகிறார்கள் இல்லை?

‘சோம்பல்’ என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஜூன் வெயிலில் பீச் மரத்தில் ஏணி வைத்து ஏறிப் பிஞ்சுகளைக் கையால் கழிப்பதும், கிறீன்ஹவுஸின் புழுக்கத்தில் நாள் முழுக்கத் தக்காளிக் கொடி கட்டுவதும் உடம்பை முறிக்கிற வேலை. ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, பேருந்து இல்லை, அறுவடை முடிந்தால் வேலையும் இல்லை, சம்பளமோ குறைந்தபட்சக் கூலியை ஒட்டியது. வேறு வேலை தேட உரிமை உள்ள ஒருவர் அதைத் தேடிப் போகத்தான் செய்வார். தேட உரிமை இல்லாதவரை வைத்துக்கொண்டால் கூலியையோ வசதியையோ கூட்ட வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு வராது. ஆள் பற்றாக்குறை அறுபது ஆண்டாகத் தீராமல் இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம்.

சம்பளம் எவ்வளவு? எதையெல்லாம் பிடிப்பார்கள்?

ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபரிலிருந்து மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். பழம், மரக்கறி பிடுங்குகிறவரின் சம்பளம் இதை ஒட்டித்தான் இருக்கும். சில பயிர்களுக்குக் கூடைக் கணக்கிலும் கொடுப்பார்கள்.

பருவகாலத் திட்டத்தில் தங்குமிடத்துக்கு வாடகை இல்லை, பிரிட்டிஷ் கொலம்பியா மட்டும் விலக்கு. விமானச் சீட்டுக்கு முதலாளி முதலில் காசு கட்டுவார், பிறகு அதில் பாதி வரை சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இந்தக் கழிவும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இல்லை. வருமான வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலைக் காப்புறுதிப் பங்களிப்பு எல்லாம் எங்களுக்குப் பிடிப்பதைப் போலவே பிடிப்பார்கள். ஓய்வூதியத்தைப் பின்னாளில் ஊரிலிருந்தே பெற்றுக்கொள்ள முடியும். வேலைக் காப்புறுதிக் கதை வேறு. எங்களில் ஒருவருக்கு வேலை போனால் ‘ஈஐ’ என்கிற அந்தக் காப்புறுதிக் காசை எடுக்கிறோம். இவர்கள் வேலை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டியவர்கள், ஆகவே அந்தக் காசை எடுக்க வழியே இல்லை. குழந்தை பிறந்த காலத்துக்கான கொடுப்பனவை மட்டும் முன்பு எடுக்க முடிந்தது. 2012 டிசம்பரில் அதையும் நிறுத்தினார்கள். பங்களிப்பைப் பிடிப்பதை நிறுத்தவில்லை.

நீண்ட நேரம் வேலை செய்தால் ஓவர்டைம் உண்டுதானே?

இல்லை. ஒன்ராறியோவின் வேலைத் தரநிலைச் சட்டத்தில் பண்ணைத் தொழிலாளருக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. வேலை நேர வரம்பும் பொருந்தாது. இது வெளிநாட்டவருக்கு மட்டுமல்ல, பண்ணையில் வேலை செய்கிற எல்லாருக்கும். அறுவடைக் காலத்தில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் சாதாரணம். ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் வேலை அவசரமானால் தொழிலாளரின் சம்மதத்தோடு தள்ளிப் போடலாம் என்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பெயர் வர வேண்டும் என்று காத்திருக்கிறவர் சம்மதிக்காமல் என்ன செய்வார்?

முதலாளி சரியில்லை என்றால் வேறு தோட்டத்துக்கு மாறலாமா?

என்னைக் கேட்டால் மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். வேலை அனுமதிப் பத்திரத்தில் முதலாளியின் பெயர் அச்சாகியிருக்கும். அந்த முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். தோட்டம் மாற வேண்டுமானால் இப்போதைய முதலாளி, புதிய முதலாளி, தொழிலாளரின் நாட்டு அதிகாரி, கனடா அரசு எல்லாரும் சம்மதிக்க வேண்டும். எவரிடமிருந்து விலகிப் போக நினைக்கிறாரோ அவருடைய சம்மதமே முதலில் வேண்டும்.

வேலையிலிருந்து நிறுத்துவது அவ்வளவு சிரமம் இல்லை. வேலை செய்ய மறுத்தார், ஒப்பந்தத்தை மீறினார், அல்லது ‘போதிய வேறு காரணம்’ இருந்தது என்று சொல்லி, அவருடைய நாட்டு அதிகாரியோடு பேசிவிட்டு ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் வேலை போகிறது, அதோடு படுக்கிற கட்டிலும் போகிறது, நாட்டில் நிற்கிற காரணமும் போகிறது. சில நாட்களில் விமானம்.

இதை வாசிக்கும்போது எனக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் ‘துண்டு’ முறை நினைவுக்கு வரும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டி வந்த தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று எழுதியிருக்கும். கடனோடு ஆளும் கைமாறினார். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். லெமிங்டனில் வேலை செய்கிறவரின் கழுத்தில் அந்தக் கடன் இல்லை, சட்டமும் அதை அனுமதிக்காது. வேறுபாடு பெரியது, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் ஒரு மனிதர் எங்கே உழைக்கலாம் என்பது இன்னொருவரின் தாளில் தங்கியிருப்பது என்றால் என்னவென்று எங்களுடைய ஆட்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வழி உண்டு. 2019 ஜூனிலிருந்து, துன்புறுத்தலுக்கு உள்ளானவர் அல்லது உள்ளாகும் ஆபத்தில் இருப்பவர் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. கிடைத்தால் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். ஆனால் அது தற்காலிகமானது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில், இணையத்தில், சான்றுகளோடு கொடுக்க வேண்டும். ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்து, இரவு எட்டு மணிக்கு வயலிலிருந்து வருகிற ஒருவர் தனியாக இதைச் செய்து முடிப்பது நடக்கிற காரியமா?

காயம் பட்டால், நோய் வந்தால்?

சட்டப்படி பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். பருவகாலத் தொழிலாளருக்கு ஒன்ராறியோவின் ஓஹிப் மருத்துவக் காப்புறுதி வந்த நாளிலிருந்தே உண்டு. வேலையில் காயம் பட்டால் இழப்பீடும் உண்டு. பண்ணைகள் தொழிற் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது 2006இல்தான் என்றாலும் வந்துவிட்டது.

நடைமுறையில், வைத்தியரிடம் போக வாகனம் முதலாளியுடையது, சில வேளை மொழிபெயர்ப்பவரும் முதலாளியின் ஆள். முதுகு நோவு என்று சொன்னால் அடுத்த ஆண்டு பெயர் வராது என்ற பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2001 முதல் 2011 வரை நோய் அல்லது காயம் காரணமாக ஒன்ராறியோவிலிருந்து 787 பண்ணைத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டதை ஒரு மருத்துவ ஆய்வு 2014இல் வெளியிட்டது. காயத்தோடு ஊருக்குப் போனவர்களின் இழப்பீட்டை, அவர்கள் ஒன்ராறியோவில் வேறு வேலை தேடிக்கொள்ள முடியும் என்பது போலக் கணக்கிட்டுக் குறைத்து வந்தார்கள். கனடாவுக்குள் வர அனுமதியே இல்லாதவர் ஒன்ராறியோவில் எப்படி வேலை தேடுவார்? 2023இல் ஜமெய்க்காத் தொழிலாளர் நால்வரின் வழக்கில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தக் கணக்குத் தவறு என்றது.

கோவிட் முதல் ஆண்டில், 2020இல், மெக்சிக்கோவைச் சேர்ந்த மூன்று தொழிலாளர் ஒன்ராறியோவில் இறந்தார்கள். நாங்கள் வீட்டுக்குள் இருந்த காலம் அது. அவர்களை ‘அத்தியாவசியத் தொழிலாளர்’ என்று அழைத்தோம்.

தங்குமிடம் எப்படி இருக்கும்?

தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சுத்தமான வீடும் உண்டு. இரட்டைத் தட்டுக் கட்டில் நெருக்கிப் போட்ட நீண்ட கொட்டில், பல பேருக்கு ஒரு அடுப்பு, சட்டி வைக்க வரிசை என்ற நிலையும் உண்டு. தொழிலாளர் வருமுன் பரிசோதனை நடக்கும். வெறும் கட்டிடத்தைப் பார்ப்பது ஒன்று, ஆட்கள் நிறைந்து ஓகஸ்ட் வெக்கையில் நித்திரை கொள்ள முயலும்போது பார்ப்பது வேறொன்று. முதலாளியின் காணிக்குள் இருப்பதால் வந்து போகிறவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

தொழிற்சங்கம் இல்லையா?

ஒன்ராறியோவில் பண்ணைத் தொழிலாளர் கூட்டுப் பேரம் பேசும் உரிமையை 1994இல் ஒரு சட்டம் கொடுத்தது. 1995இல் ஆட்சி மாறியதும் அதைப் பறித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2001இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்ததால் 2002இல் ஒரு புதுச் சட்டம் வந்தது. சங்கம் சேரலாம், கோரிக்கையை முதலாளியிடம் சொல்லலாம், முதலாளி கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேட்டுவிட்டு ஒப்பந்தம் பேசவேண்டிய கடமை இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிற்க விட்டது. உணவுத் தொழிலாளர் சங்கமான யூஎஃப்சிடபிள்யூவும், 2001இல் தொடங்கிய ‘ஜஸ்டீசியா’ என்ற தொழிலாளர் உரிமை அமைப்பும் இதற்குள் நின்றுதான் வேலை செய்கின்றன.

அயலில் உள்ள ஊர்கள் இவர்களை எப்படி நடத்துகின்றன?

அன்பாக நடத்துகிற தேவாலயங்களும் கடைக்காரரும் இருக்கிறார்கள். லெமிங்டனில் டாக்கோக் கடைகளும் ஸ்பானியப் பெயர்ப்பலகைகளும் அந்த ஊரின் முகமாகவே ஆகிவிட்டன. ஆனால் 2013இல் நடந்த ஒன்றையும் மறக்க முடியாது. தென்மேற்கு ஒன்ராறியோவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். செய்தவர் கறுப்பினத்தவர் என்று அவர் சொன்ன அடையாளத்தை வைத்து, அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இருந்த கிட்டத்தட்ட 100 தொழிலாளரிடம் மாகாணப் பொலிஸ் மரபணு மாதிரி எடுத்தது. வயது, உயரம், உடல்வாகு எதுவும் பொருந்தாதவர்களிடமும் எடுத்தது. பொலிஸ் பாகுபாடு காட்டியது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் சொல்ல 2022 ஆகிவிட்டது.

‘அடிமைத்தனம்’ என்று சொல்வது மிகைப்படுத்தல் இல்லையா? தாங்களே விரும்பித்தானே வருகிறார்கள்?

விரும்பித்தான் வருகிறார்கள். இருபது, முப்பது ஆண்டு தொடர்ந்து வந்து பிள்ளைகளைப் படிப்பித்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். திட்டத்தை நிறுத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்வதும் வெளியாட்கள் மட்டும் இல்லை: நயாகராவில் வேலை செய்த ஜமெய்க்காத் தொழிலாளர் 2022 ஓகஸ்டில் தங்கள் நாட்டுத் தொழில் அமைச்சருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், தாங்கள் அனுபவிப்பது ‘திட்டமிட்ட அடிமைத்தனம்’ என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு இங்கே வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா, தற்காலிகத் தொழிலாளர் திட்டங்கள் நவீன அடிமைத்தனம் விளைவதற்கு இடம் கொடுக்கின்றன என்று சொன்னார். கனடா அரசு அதை ஏற்கவில்லை. நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தயங்குவேன். அனுபவித்தவர்கள் பயன்படுத்தும்போது திருத்த மாட்டேன்.

தோட்டக்காரர் எல்லாரும் கெட்டவர்களா?

இல்லவே இல்லை. தொழிலாளரின் பிள்ளைகளின் பெயர் தெரிந்த, அவர்களுடைய ஊருக்குப் போய் விருந்துண்டு வந்த தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கழுத்தையும் ஒருவர் நெரிக்கிறார். கனடாவின் மளிகை விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் ஐந்து பெரிய நிறுவனங்களின் கையில். விலை சொல்வது கடை, தோட்டம் இல்லை. டீசல், உரம், பெட்டி எதையும் குறைக்க முடியாத தோட்டக்காரருக்குக் குறைக்கக்கூடியதாகத் தெரிவது கூலி ஒன்றுதான். ஆனால் நல்ல முதலாளி கிடைத்தால் நல்ல வாழ்வு, கெட்டவர் கிடைத்தால் நரகம் என்று அதிர்ஷ்டத்தில் தொங்கவிடுகிற சட்டத்தை நல்ல முதலாளிகளைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

இத்தனை ஆண்டு வந்தவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்காதா?

பருவகாலத் திட்டத்தில் அதற்கு வழி இல்லை. 2020 மே மாதம் தொடங்கிய விவசாய உணவு முன்னோடித் திட்டம் இறைச்சி, காளான், கிறீன்ஹவுஸ் வேலையாட்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. ஆண்டு முழுவதும் உள்ள வேலைக்கு மட்டும். பருவகால வேலை சேராது. 2025இல் அதுவும் முடிந்துவிட்டது.

ஊரில் மச்சான் ஒருவர் தோட்ட வேலை நன்றாகத் தெரிந்தவர். இந்தத் திட்டத்தில் கூப்பிடலாமோ?

பருவகாலத் திட்டத்தில் முடியாது. அது மெக்சிக்கோவுக்கும் குறிப்பிட்ட கரிபியன் நாடுகளுக்கும் மட்டும். இலங்கையும் இந்தியாவும் அதில் இல்லை. ‘விவசாயப் பிரிவு’ எந்த நாட்டவருக்கும் திறந்தது, இரண்டு ஆண்டு வரை அனுமதி கிடைக்கலாம். ஆனால் உண்மையான தோட்டக்காரர் ஒருவர் எல்எம்ஐஏ பெற்று வேலை கொடுக்க வேண்டும். உறவினர் இங்கே இருப்பதால் மட்டும் எதுவும் நடக்காது.

ஏஜென்ட் ஒருவர் 20 இலட்சம் ரூபாய் கட்டினால் கனடாத் தோட்ட வேலை என்கிறார். நம்பலாமா?

கட்டாதீர்கள். வேலை கொடுப்பதற்குத் தொழிலாளரிடம் காசு வாங்குவதை ஒன்ராறியோச் சட்டம் தடுக்கிறது. கடவுச்சீட்டைப் பிடுங்கி வைப்பதையும் தடுக்கிறது. மத்திய அரசும் 2022இல் ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தடை செய்தது. விவசாயப் பிரிவில் போக வர விமானச் செலவும் முதலாளியுடையது. அப்படியிருக்க அந்த 20 இலட்சம் எதற்கு? எல்எம்ஐஏ கடிதத்தையே விலைக்கு விற்கிற கூட்டம் இருக்கிறது, அதில் எங்களுடைய ஆட்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காணியை ஈடு வைத்து வந்து சேர்ந்தவர், கடிதத்தில் இருக்கிற தோட்டத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை என்று அறிந்தால் திரும்பிப் போகவும் முடியாது, முறையிடவும் பயம். 1921இல் ஒழித்த கடனை நாங்களே திரும்பவும் ஆட்களின் கழுத்தில் மாட்டிவிடுகிறோம்.

நான் ஒரு சாதாரண ஆள். என்ன செய்ய முடியும்?

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், வேலை அனுமதியில் முதலாளியின் பெயர் எதற்கு என்று கேளுங்கள். தமிழர் வாக்கு எண்ணிக்கை தெரிந்தவர்கள் அவர்கள், பதில் சொல்வார்கள். உங்கள் வீட்டில் ஸ்பானிய மொழி படிக்கிற பிள்ளை இருந்தால், திறந்த அனுமதி விண்ணப்பங்களுக்கு உதவுகிற அமைப்புகளுக்கு அப்படிப்பட்டவர்கள் தேவை.

செப்டெம்பரில் பிள்ளைகளோடு அப்பிள் பிடுங்கப் போவீர்கள். நாங்கள் பிடுங்குகிற வரிசைக்கு அப்பால், கயிறு கட்டி மறித்த பக்கத்தில், அவர்கள் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தி சாய்ந்ததும் கடைக்குப் போகச் சைக்கிளில் வெளிக்கிடுவார்கள். நாட்டுப்புறத் தெருவில் விளக்குக் கம்பம் இல்லை, கார்கள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். உங்கள் வீட்டுக் கராஜில் சும்மா கிடக்கிற சைக்கிள் விளக்கையும் ஒளிரும் அங்கியையும் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.